திருகோணமலையில் பாய்மரப் படகுப் பயணம் என்று முற்பணம் கட்டப் போகிறவர்களுக்கு

நாங்கள் ஐந்து பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் கனடாவிலிருந்து லீவில் வருவதாக இருந்தது. போன வருடம் அவன் கிரேக்கக் கரையோரம் நண்பர்களோடு ஒரு கிழமை பாய்க்கப்பலில் திரிந்திருக்கிறான். "அதைவிட வடிவான கடல் எங்கட ஊரில இருக்கு மச்சான், இங்க ஏன் ஏலாது?" என்று தொலைபேசியில் கேட்டான். நியாயமான கேள்விதான். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கம் வெயில் காலம். கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கும் சின்ன வயது ஆசை.

முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்று நாள் பாய்மரப் பயணம், இரவில் படகிலேயே படுக்கை, புறாத்தீவு, கோணேசர் மலை, உள் துறைமுகம், மார்பிள் பீச் எல்லாம் சுற்றிக் காட்டுவார்களாம். ஆளுக்கு 45,000 ரூபாய். வெள்ளைப் பாய் விரித்த ஒரு கப்பலின் படம். பாதிக் காசு 112,500 ரூபாயை வங்கிக் கணக்குக்குப் போட்டோம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "அது எங்கட கணக்காளர்" என்றார்கள். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பற்றுச்சீட்டும் வரவில்லை, வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம்தான் வந்தது.

விடிய ஆறு மணிக்கு உப்புவெளிக் கரைக்குப் போனால், அங்கே நின்றது ஒரு பைபர் வள்ளம். மீன்பிடி வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்து, நடுவில் ஒரு தடியை நட்டு, அதில் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். "பெரிய கப்பல் துறைமுகத்துக்குள்ள நிக்குது. இண்டைக்கு இதில புறாத்தீவைப் பாருங்கோ, நாளைக்கு அதில ஏத்துறம்" என்றார் காசு வாங்கிய ஆள். உள் துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது, அங்கே நினைத்தபடி படகு விட முடியாது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

நான் அந்தப் பாயை அவிழ்த்துப் பார்க்கப் போனேன். நைலோன் கயிற்று முடிச்சு உப்பேறிக் கல்லாகியிருந்தது. நகத்தால் கிளறியும் அசையவில்லை. துணியின் மடிப்பை விலக்கினேன், உள்ளே சிலந்திக் கூடு. ஒரு நாள்கூடக் காற்றுப் பிடிக்காத பாய் அது. ஆறு பேருக்கு நான்கு லைஃப் ஜாக்கெட். இரண்டில் கொழுவி உடைந்திருந்தது, ஒன்றை அமத்தினால் உள்ளிருந்த பஞ்சு மாவாக உதிர்ந்தது.

அப்படியும் ஏறினோம். கனடாவிலிருந்து வந்தவனின் முகத்தைப் பார்த்து யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

வள்ளம் ஓட்டியவன் பதினெட்டு வயதுப் பொடியன். புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம். 1963 முதல் சரணாலயம், 2003 இல் தேசியப் பூங்காவானது. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ரிக்கற் எடுத்துத்தான் இறங்க வேண்டும். அவன் அந்தப் பக்கமே போகாமல் தீவின் பின்புறம் கொண்டுபோய், முருகைக்கல்லின் (பவளப் பாறையின்) மேலேயே நங்கூரத்தைப் போட்டான். கிளை முறியும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மெல்ல மெல்ல வளரும் உயிர் அது. வேண்டாம், எடு தம்பி என்று கத்தி எடுக்க வைத்தோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் திமிங்கிலம் காட்டுகிறேன் என்று வெளியே ஓடினான். பத்தரை மணியளவில் கச்சான் எழும்பியது.

கச்சானைப் பற்றி வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரித்தான் தெரியும். வெளியே போகப் போகத்தான் அலை கூடும். அதில் எஞ்சின் நின்றால் வள்ளம் கரைக்கு ஒதுங்காது, வெளியே இழுபடும். கிழக்கே அந்தமான் நிக்கோபார் வரைக்கும் தரையே கிடையாது. எங்கள் எஞ்சின் நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. மேலதிக கேன் இல்லை, துடுப்பும் இல்லை. கோணேசர் மலை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபடி ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். கனடாக்காரன் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி அந்தப் பொடியனுக்குப் போட்டுவிட்டான்.

வலை வளைத்துவிட்டுத் திரும்பிய ஒரு நானாதான் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களைக் கண்டார். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கயிறு கட்டி நிலாவெளி வரை இழுத்து வந்தார். "கச்சான் நேரம் துடுப்பில்லாம ஆர் தம்பி வள்ளத்தை இறக்கினது?" என்று பொடியனைத்தான் ஏசினார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. எண்ணெய்க்காவது பிடியுங்கள் நானா என்று வற்புறுத்தித்தான் கொடுத்தோம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இப்படிப்பட்ட நேர்மையான கடற்காரர் நிறையப் பேர். இந்த ஏமாற்றுக் கூட்டத்தால் கெட்ட பெயர் அவர்களுக்குத்தான் வருகிறது. அந்தப் பொடியன் மேலும் எனக்குக் கோபமில்லை. நாளுக்கு 2,000 ரூபாய்தான் கொடுப்பார்களாம்.

காசைக் கேட்டோம். "காலநிலைப் பிரச்சினை, முற்பணம் திருப்பித் தரமாட்டோம்" என்று ஒரு செய்தி. அதோடு எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொன்னோம். வள்ளத்தின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். அணியத்தில் அது இருந்த இடத்தில் புதுப் பெயின்ற். நல்ல காலம், ஏறும்போது எடுத்த ஒரு படத்தில் பெயின்றுக்குக் கீழே இரண்டு இலக்கங்கள் மங்கலாகத் தெரிகின்றன. இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பது அதுவும் வங்கிச் சீட்டும்தான்.

போகத்தான் வேண்டும் என்றால் முதல் நாளே கரைக்குப் போய் வள்ளத்தைக் கண்ணால் பாருங்கள். ஜாக்கெட்டை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொழுவிப் பாருங்கள். துடுப்பும் மேலதிக எண்ணெயும் இருக்கிறதா என்று கேளுங்கள். புறாத்தீவுக்கு நிலாவெளியில் ரிக்கற் எடுத்துவிட்டே போங்கள். முழுக் காசையும் திரும்பி வந்து கரையில் இறங்கியபின் கொடுங்கள்.

இன்றைக்கு எழுத வைத்தது இதுதான்: அதே விளம்பரம் போன கிழமை வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. படம் மட்டும் மாறவில்லை. கனடாவிலிருந்து வந்தவன் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான், பார்த்தவுடன் அது எந்தக் கரை என்று சொல்லிவிட்டான். பாய்க்குப் பின்னால், இடது மூலையில், வெள்ளை வீடுகளுக்கு நடுவில் ஒரு நீலக் குவிமாடம் தெரியும். அந்தப் படத்தோடு யாராவது உங்களிடம் முற்பணம் கேட்டால், கொடுத்த கணக்கு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள். எங்கள் முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.