ஒலிம்பிக்குக்குப் பிறகு: ஓய்வா, தொடர்ச்சியா?
பனிச்சறுக்குத் தளத்தில் ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸில், ஒலிம்பிக்குக்குப் பிறகு சில காலம் ஓய்வெடுத்துத் திரும்பி வென்றவர்கள் என்றால் கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ–ஸ்காட் மோயர்தான். 2014 சோச்சியில் வெள்ளி. இரண்டு பருவங்கள் போட்டியே இல்லை. பிறகு மான்ட்ரியாலில் புதிய பயிற்சியாளர்கள், 2017இல் உலகப் பட்டம், 2018 பியோங்சாங்கில் தங்கம். அதுவும் பிரான்சின் பபடாகிஸ்–சிசெரோன் ஜோடியை வெறும் 0.79 புள்ளியில் முந்தி! அந்தப் பிரெஞ்சு ஜோடியோ 2022 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று ஓய்வுக்குப் போனது, சேர்ந்து திரும்பவேயில்லை. ஓய்வெடுப்பவர்கள் எல்லோரும் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது; அதனால் பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டவர்கள் தொடர்வதே நல்லது என்பேன். அமெரிக்காவின் மேடிசன் சாக்–இவான் பேட்ஸ் அப்படித்தான் செய்தார்கள். 2022 ஒலிம்பிக்கில் நான்காமிடம். அடுத்த பருவத்தில் முதல் மூன்று ஜோடிகளும் சர்வதேசக் களத்தில் இல்லை: பிரெஞ்சு ஜோடி ஓய்வில், ரஷ்ய ஜோடிக்குத் தடை, மூன்றாவது ஜோடி விடைபெற்றாயிற்று. 2023, 2024, 2025 உலகப் பட்டங்கள் மூன்றும் சாக்–பேட்ஸுக்கே.