அடைப்புக்குறியில் முட்டி நிற்கும் கால்குலேட்டர்

பாம்பனில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில்தான். எனக்கும் பாதி வேலைதான். அந்தச் சும்மா நாளில் ராமநாதபுரம் போய் 1,450 ரூபாய்க்கு ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஏலக் கணக்குக்குப் பழையதே போதும். இதை வாங்கியது ‘ஃபேக்ட்’ என்ற ஒரு பித்தானுக்காக. எண்ணைக் கொடுத்தால் பகா எண்களாக உடைத்துக் காட்டும். “பத்து இலக்கம் வரைக்கும் எதையும் உடைச்சிரும்ணே” என்றான் கடைத் தம்பி.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்: மொபைல் நம்பர். என்னுடையது ஏழெட்டுத் துண்டானது. மச்சான் நம்பர் அசையவே இல்லை. அன்று முழுக்க அவருக்கு ஒரே பெருமை. அப்புறம் பத்து ஒன்றுகளை வரிசையாக அடித்தேன். 1111111111 = 11 × 41 × 271 × 9091. கண்ணிமைக்கும் நேரம்தான்.

சிக்கல் அதற்கடுத்து வந்தது. 2147483647 போட்டேன். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணும் 32 பிட் கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8.44-க்கு முட்டி நிற்கப்போகிற எண் இது. திரையில் அதே எண், அடைப்புக்குறிக்குள். பகா எண்தான், 1772-லேயே கணித மேதை ஆய்லர் சொல்லிவிட்டார். சரி என்று 1018081 போட்டேன். அதற்கும் அதே அடைப்புக்குறி! இது 1009 × 1009 ஆயிற்றே.

கையேட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மூன்று இலக்கப் பகா எண்கள் வரைக்கும்தான், அதாவது 997 வரை, இது வகுத்துப் பார்க்கும். அடுத்த பகா எண் 1009. ஆகவே உடைத்தபின் மிஞ்சும் எண் 1018081-க்குக் கீழே இருந்தால் அது கட்டாயம் பகா எண். 9091 அடைப்புக்குறி இல்லாமல் வந்தது அப்படித்தான். மேலே போனால் அடைப்புக்குறி. அதற்கு ‘இதற்குமேல் என்னால் ஆகாது’ என்றுதான் பொருள், ‘பகா எண்’ என்று அல்ல. மச்சானிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஆனாலும் இதை வைத்து ஒரு நல்ல வேலை செய்தேன். 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் 4294967297. ஆய்லருக்கு முந்தைய கணித மேதை ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று காட்டினார். கால்குலேட்டர் 641 × (6700417) என்று நின்றுவிட்டது. அடைப்புக்குறியை நானே அவிழ்த்தேன். இந்த எண்ணை வகுக்கும் எதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 6700417 உடையும் எண் என்றால், அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு பகா எண் அதை வகுத்தாக வேண்டும். அந்த வர்க்கமூலம் 2588 சொச்சம். 1009-க்கும் அதற்கும் நடுவில் அந்த மாதிரிப் பகா எண்கள் இரண்டே இரண்டு, 1153, 1409. முதலாவதில் மீதி 334, அடுத்ததில் 622. ஆக, 6700417 பகா எண். ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் நாலு வரிதான் ஆனது.

பொருள் எப்படி என்றால், திரை தெளிவு, வெயிலிலும் தெரிகிறது. கச்சான் காற்று தொடங்கியதும் 7-ஆம் பித்தான் உப்பில் இறுகிவிட்டது. இப்போது பாலித்தீன் பையில் போட்டு, பைக்கு மேலேயே அழுத்துகிறேன். மீன் கையோடு தொட வேண்டியிருப்பவர்கள் பையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.