இரண்டு 3060களோடு நாலு வருடம்

2021 கடைசியில் கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கேமிங் லேப்டொப் வாங்கினேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் (கேமின் படத்தை வரையும் சிப்), 8 ஜிபி ரேம். "டெஸ்க்டொப்பில வாற அதே 3060 தான் அண்ணா, ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார் கடைத் தம்பி. நம்பினேன். 2022 செப்டெம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் உருவாக்கும் மைனிங் நின்றுபோக, அதில் பாவித்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. சில மாதம் பொறுத்து ஒரு 3060 வாங்கி டெஸ்க்டொப்பில் போட்டேன். அதன் பிறகுதான் அந்தத் தம்பி சொன்ன "அதே" எவ்வளவு தூரம் "அதே" என்று விளங்கியது.

வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கையில் லேப்டொப் சிப்தான் பெரியது. அதில் 3840 கூடா கோர் (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்தான்), டெஸ்க்டொப் கார்டில் 3584. ஆனால் டெஸ்க்டொப் கார்ட் 170 வொட் வரை இழுக்கும். லேப்டொப்பில் 60இலிருந்து 115 வொட் வரை, தயாரித்தவர் வைத்ததுதான் அளவு. என்னுடையதற்கு 80. பெட்டியில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் கிடையாது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவலைத் திறந்துதான் கண்டுபிடித்தேன். லேப்டொப் வாங்கப் போகிறவர்கள் கார்டின் பெயரைக் கேட்காமல் வொட்டைக் கேளுங்கள்.

சரி, வொட் குறைந்தால் பிரேம், அதாவது நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை, கொஞ்சம் குறையும். அதோடு வாழலாம். என்னை உண்மையில் வதைத்தது மெமரி.

டெஸ்க்டொப் 3060இல் 12 ஜிபி விரேம் (கார்டின் சொந்த மெமரி), லேப்டொப்பில் 6. வாங்கிய முதல் வருடம் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. 2023க்குப் பிறகு வந்த பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) 'ஹை'யில் வைத்தால் கதை மாறியது. சராசரி 60 பிரேம் காட்டும், ஆனால் ஒரு தெருமுனையில் திரும்பும்போது படம் அரை நொடி உறைந்துவிடும். சுவர்கள் களிமண் பூசியதுபோல் மங்கி நின்று பிறகு தெளியும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் கார்டின் சொந்த மெமரி நிரம்பி, 'ஷேர்ட்' என்ற கோடு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். கார்டில் இடமில்லாமல் ரேமை இரவல் வாங்குகிறது என்று அர்த்தம். லேப்டொப் கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 336 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. கார்டிலிருந்து ரேமுக்குப் போய்வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி, 4.0 பதிப்பில் 16 தடமும் முழுதாக இருந்தாலும், ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 32 ஜிபி அளவுதான். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் பெருவீதியில் வந்த வாகனத்தை வெள்ளவத்தைக் குறுக்கு ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டால் என்ன நடக்கும்? அதேதான்.

டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் பிரச்சினை தீரும். டெஸ்க்டொப்பில் இறக்கவே தேவையில்லை. கோர் குறைந்த கார்ட் இன்னும் இளமையாக இருக்கிறது, கோர் கூடியது கிழடாகிவிட்டது.

ரேமிலும் ஒரு தவறு செய்தேன். லேப்டொப்பில் இருந்தது ஒற்றை 8 ஜிபி குச்சி. டிடிஆர்4 வகை ரேம், 3200 வேகத்தில், ஒற்றைக் குச்சியில் (ஒற்றைச் சேனல்) நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு குச்சி போட்டால் 51.2. எட்டு மாதம் கழித்து இரண்டாவது குச்சி போட்டேன். உச்ச பிரேம் பெரிதாக ஏறவில்லை, ஆனால் அடிக்கடி வந்த சறுக்கல்கள் பாதியாகக் குறைந்தன. தனிக் கார்ட் இல்லாத லேப்டொப் என்றால் இந்த மாற்றம் இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் அந்த ரேமைத்தான் சாப்பிடுகிறது. டெஸ்க்டொப்பில் என் முட்டாள்தனம் வேறு மாதிரி. 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் மூன்று மாதம் 2400இல் ஓடியிருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் போட்டுவிட வேண்டும் என்று கடையிலும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

வெப்பம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏசி இல்லாத அறையில் ஏப்ரல் மாதம் லேப்டொப்பின் சிபியு 95 பாகையைத் தொடும், விசிறிச் சத்தத்தில் அம்மா கதவை மூடிவிடுவார். டெஸ்க்டொப் 70களில் அமைதியாக இருக்கும். ஆனால் கடல் பக்கத்து வீடு என்பதால் கேஸின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன.

லேப்டொப்புக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது வேலை, படம், பாட்டு எல்லாம் அதில்தான். கேம் மட்டும் சரிவரவில்லை. பற்றரியில் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் சுருங்கிவிடும், 60 பிரேம் 30க்கு இறங்கும், ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் அணையும். அந்த நாட்களில் நான் விளையாடியது பழைய 2டி கேம்கள்தான்.

இப்போது லேப்டொப் அக்கா மகனிடம். அவன் விளையாடும் வலோரண்டுக்கு 6 ஜிபி தாராளம். போன கிழமை, "மாமா, டெக்ஸ்சர் அல்ட்ரா போட ஏலுமா?" என்று கேட்டான். வேறு ஏதோ கேம் இறக்கியிருக்கிறான் போல.