யுவான்மிங்யுவான்: வெள்ளைக்கல் தூண்களோடு திரும்பிவிடாதீர்கள்

பெய்ஜிங்கில் இருக்கும் இந்த இடிபாட்டுப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பலர் நேரே வடகிழக்கு மூலைக்குப் போய், உடைந்த வெள்ளைக்கல் தூண்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூறையாடி, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் எரிக்கப்பட்ட அரண்மனை இதுதான் என்று நினைப்பு. பாதிதான் சரி. அந்தத் தூண்கள் 18-ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசருக்காக காஸ்டிலியோனே, பெனுவா என்ற ஏசு சபைத் துறவிகள் வடிவமைத்த ஐரோப்பிய பாணி மாளிகைகளின் மிச்சம். சுமார் 350 ஹெக்டேர் வளாகத்தில் அவை 2 சதவீதம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். மற்றதெல்லாம் பெரும்பாலும் மரக்கட்டடம். மரம் சாம்பலானது, கல் நின்றது. அதனால்தான் ஐரோப்பியர் செய்த அழிவுக்கு அடையாளமாக ஐரோப்பியத் தூண்களே நிற்கின்றன.

மெட்ரோ 4-ஆம் லைனில் யுவான்மிங்யுவான் பார்க் நிலையத்தில் இறங்கினால் தெற்கு வாசல் பக்கம். இதற்குப் ‘பழைய கோடைகால அரண்மனை’ என்றும் பெயர். ‘கோடைகால அரண்மனை’ என்று மட்டும் கேட்டால் இன்னும் இரண்டு நிலையம் தாண்டி பெய்கோங்மெனுக்கு அனுப்பிவிடுவார்கள், அது யிஹேயுவான். அங்கும் 1860-இல் தீ வைத்தார்கள், பிறகு சிஷி பேரரசி காலத்தில் எடுத்துக்கட்டினார்கள்.

நுழைவு 10 யுவான். தூண்கள் இருக்கும் ஐரோப்பிய மாளிகைப் பகுதிக்குத் தனியாக 15 என்பதால், இரண்டும் சேர்ந்த 25 யுவான் சீட்டையே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம். தெற்கு வாசலிலிருந்து தூண்கள் வரை அரைமணி நேரத்துக்கு மேல் நடை, வேனில் காலத்தில் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். கிழக்கு வாசல் கிட்டம்.

அந்த ஐரோப்பிய மாளிகைகளில் ஒன்றான ஹையான்டாங் முன்னால் மட்டும் நிதானமாக நில்லுங்கள். இங்கே வெண்கலத் தலை கொண்ட, சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குச் சிலைகள் நீர்க் கடிகாரமாக வேலை செய்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று முறைவைத்து நீர் உமிழும், உச்சிப்பொழுதில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சும். இன்று தலைகள் இல்லை, அடித்தளக் கல்தான். இந்த மாளிகைகளைக் காட்டும், 1786-இல் முடிந்த 20 செப்புத் தகட்டுச் சித்திரங்களின் படத்தை முன்பே போனில் இறக்கிக்கொண்டு போனால் எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஓரளவு பொருத்திப் பார்க்கலாம். அது இல்லாமல் போனால் வெறும் கல்குவியல்.

அந்த 12 தலைகளில் இந்தப் பூங்காவுக்கே திரும்பியது குதிரைத் தலை ஒன்றுதான். மக்காவ் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ 2007-இல் 6.91 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கி, 2019-இல் கொடுத்தார். 2020 முதல் செங்சுவே கோவிலில் இருக்கிறது. உச்சிப்பொழுதுக்கு உரிய விலங்கு அதுதான். கோவில் தெற்குப் பக்கம் இருப்பதால், கிழக்கு வாசலில் நுழைந்து அங்கேயே திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒன்பது தீவுப் பகுதியில் பார்க்க ‘ஒன்றும் இல்லை’ என்று குறைப்படுவார்கள். பேரரசர் குடியிருந்த இடம் அது. அடித்தள மேடை, ஏரிக்கரை வளைவு, அவ்வளவுதான். 1860-இல் தப்பியதும் 1900 பாக்ஸர் கலவரத்திலும் அதன் பிறகும் மரம், செங்கல் என்று வண்டி வண்டியாகப் போய்விட்டது. கோடையில் தாமரையும் புதரும் மூடிக்கொள்ளும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வாருங்கள், தீவுகளின் வடிவம் தெளிவாகத் தெரியும்.