கஞ்சியா, மிக்ஸியில் அடித்த சோறா, மட்டிப்பழமா?

பக்கவாதம் வந்த பிறகு விழுங்கச் சிரமப்படும் எங்கள் பாட்டா மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சாப்பாடு என்ன என்று கேட்டால் "கஞ்சிதான், அதுதானே லேசு" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாய்க்கு வாய் இருமுவதைப் பார்க்கும்வரை.

நம் ஊர்க் கஞ்சியில் தண்ணீர் வேறு, பருக்கை வேறு. பருக்கையை மென்று முடிப்பதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும், மூச்சுக்குழாய் மூடியிருக்காது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டுங்கெட்டான் பதம்தான் ரொம்பக் கஷ்டம். பயறும் போட்டால் அதன் தோல் வேறு தொண்டையில் ஒட்டும்.

அதே சோற்றை மிக்ஸியில் அடித்தால் ஒரே பதமாக வரும். கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்: மொத்தமாக, அதிகம் ஒட்டாமல் விழுந்தால் சரி, ஒழுகினாலோ பசை மாதிரி பிடித்துக்கொண்டாலோ வேண்டாம். (மயக்கின மரச்சீனி, அதாவது மசித்த மரவள்ளிக்கிழங்கு, இதில் தோற்றுவிடும், புட்டு உதிர்ந்துவிடும், இரண்டையும் மறந்துவிடலாம்.) ஆனால் மாவுச்சத்தை எச்சில் கரைக்கும். ஊட்டிய கரண்டியையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் பாதிச் சாப்பாட்டில் நீர்த்துப்போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுவது நல்லது. இன்னொன்று, சோறு, மீன்கறி, தொடுகறி எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துச் சாம்பல் நிறத்தில் நீட்டினால் நாமே சாப்பிட மாட்டோம். முள்ளெடுத்த நெய்மீனைத் தனியாக அடித்து வைத்தால் பாட்டா வாய் திறக்கிறார்.

மட்டிப்பழம் நம் குமரி மாவட்டத்துக்காரன், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, குழந்தைக்கே ஊட்டுகிறோம். நன்றாகப் பழுத்ததைக் கொஞ்சம் பால் விட்டு மசித்தால் சாயங்காலத்துக்கு அருமை, ஆனால் அது மட்டும் சாப்பாடாகாது.

தொண்டைக்கு முந்தி ஓடும் தண்ணீரைக் கெட்டியாக்க என்ன செய்வது? கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சத்தான் வேண்டும், அதையும் எச்சில் இளக்கிவிடும். சாந்தன் கம் என்ற பிசின் சேர்ந்த கெட்டியாக்கும் பொடி அப்படி இளகாது, காய்ச்சவும் வேண்டாம், என்ன, காசு கூடுதல். எதுவானாலும் கெட்டித் தண்ணீர் நிறையப் பேருக்குப் பிடிக்காது, குடிப்பது குறைந்து உடம்பு வறண்டுவிடும், அதையும் கவனிக்க வேண்டும். எந்தப் பதம் என்பதை விழுங்கும் பயிற்சி தருகிற சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வதுதான் சரி, ஏனென்றால் சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தால் சந்தேகப்படுங்கள்.

இத்தனை பதத்தையும் விட என்னை உலுக்கியது பல் தேய்ப்பதுதான். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டு பார்த்திருக்கிறார்கள், 2002இல் வெளிவந்தது: சாப்பாட்டுக்குப் பிறகு வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் நிமோனியா 100க்கு 11 பேருக்கு, மற்றவர்களில் 19 பேருக்கு. உள்ளே போவது சோறு மட்டுமல்ல, வாயில் இருக்கும் கிருமியும்தான். மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கும் குழாய் போட்டாலும் எச்சில் இறங்குவது நிற்காது, அவர்களுக்கும் வாய் துடைக்க வேண்டும். பாட்டாவின் பல்செட் ராத்திரியும் வாயிலேயே கிடந்தது. இப்போது கழற்றித் தேய்த்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.