டர்பன் புழுக்கத்தில் ரிக்கார்டும் கேசட்டும்: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பழைய தமிழ் ரிக்கார்டுகளைக் காப்பாற்ற நினைப்பவருக்குத் தூசியை விடப் பெரிய தொல்லை ஈரக்காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை அட்டை உறைகளில் பூஞ்சை சீக்கிரம் பிடித்துவிடும். அதனால் என் அலமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் நிற்கிறது. ரிக்கார்டுத் தட்டுகளைச் சாய்க்காமல் நேராக நிறுத்தியிருக்கிறேன். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளும் உள்ளே உண்டு. ஈரம் குடித்ததும் நிறமே சொல்லிவிடும். பையில் எழுதியுள்ள சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைத்த பொருள் என் செட்டில் வேறு இல்லை.

தட்டு கழுவும் வேலையை ஜூன், ஜூலைக்கு, அதாவது இங்கே குளிர்காலத்துக்கு, வைத்துக்கொள்கிறேன். அப்போது காற்று உலர்ந்திருக்கும், தட்டும் சீக்கிரம் காயும். வினைலில் செய்த எல்பிக்கு வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78க்கு ஆல்கஹால் கூடவே கூடாது. அது அரக்கில் செய்த தட்டு, ஆல்கஹால் பட்டால் கரையும். அதற்கு வடிநீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும், லேபிள் மட்டும் நனையக்கூடாது.

ஊசிக்கு ஆடியோ டெக்னிக்கா விஎம்95 வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றே, ஊசியை மட்டும் மாற்றலாம். எல்பிக்கு 95ஈ, 78க்கு அகலமான 95எஸ்பி. ஊசி தட்டில் அழுத்தும் எடையை மறக்காமல் மாற்ற வேண்டும்: முன்னதற்கு 2 கிராம், பின்னதற்கு 5. எல்பி ஊசியை 78இல் ஓட்டினால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

லோட்ஷெடிங் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்பும் கணத்தில்தான் ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்து.

என் பெரிய கவலை கேசட்தான். இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலி ரேடியோ லோட்டஸ் 1983இல் தொடங்கிய பிறகு நம் வீடுகளில் எவ்வளவோ பதிவு செய்தார்கள். கோயில் பஜனை, கல்யாணப் பாட்டு, பெரியவர்கள் பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. எல்பி போனால் இன்னொரு பிரதி தேடலாம், இவற்றுக்கு மறுபிரதியே கிடையாது. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளையாகத் தெரிந்தால் அதை நல்ல டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து, பழைய பிளேயர் ஒன்றில் நாடாவை முழுக்க ஓடவிட்டு, மென்மையான துணியால் துடைப்பது என் வழக்கம். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு விழுந்திருந்தால், ஸ்குரு போட்ட வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம்.

அப்புறம் ஒரே மூச்சில் கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள். எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள், ஒரு பிரதியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். ரிக்கார்டு இன்னும் பல வருடம் காத்திருக்கும். கேசட்டை இந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துவிடுங்கள்.