உப்புக்காற்றில் 3 கிலோவாட் சோலார்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்குச் சரிப்படுமா?

மானியத்தோடு வரும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற) சோலார் செட், கரண்ட் பில்லைக் குறைக்கிற வேலையைச் சொன்னபடி செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற பண்ருட்டியில் சிக்கலில்லாமல் ஓடுகிற அதே செட், கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ சில வருஷத்தில் துருவேறி ஆடத் தொடங்கும். கோளாறு பெரும்பாலும் பேனலில் வருவதில்லை. அதைத் தாங்குகிற கம்பியிலும் நட்டிலும் எர்த் குழியிலும்தான் வருகிறது. கொட்டேஷனில் ஒற்றை வரியில் முடித்துவிடுவதும் இந்த மூன்றைத்தான்.

முதலில் காசு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.8 லட்சத்திலிருந்து 2.1 லட்சம் வரை கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஏறாது. உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனலுக்குத்தான் இது உண்டு. டிசிஆர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து, நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்திய பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

யாருக்கு லாபம்? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான (ஸ்லாப்) சலுகையும் போய்விடுகிறது. ஏசி ஓடி அந்தக் கோட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு இந்த செட் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இலவச யூனிட்டும் சேர்த்து மொத்தமே 250-க்குள் முடிகிற வீட்டுக்கு வீண் செலவு. புதுச்சேரியில் மாதாமாதம் பில், படிகளும் வேறு. கடலூர்க்காரர் போட்ட கணக்கை அங்கே எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

540 வாட் பேனல் 6 போட்டால் 3.24 கிலோவாட். வருஷ சராசரியாக நாளுக்கு 12 யூனிட் எதிர்பார்க்கலாம். தெற்குப் பார்த்து 11, 12 டிகிரி சாய்வு இங்கே போதும். வெயில் கொளுத்துகிற மே மாதத்தில்தான் அதிகம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வராது. பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். 25 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். வானம் தெளிந்து காற்றும் இதமாக இருக்கிற பிப்ரவரி, மார்ச்தான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாளுக்கு 3, 4 யூனிட்டோடு நின்றுவிட்டால் சோலார் இன்வெர்ட்டரை (பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றுகிற பெட்டி) சந்தேகப்படாதீர்கள்.

இனி கம்பி. ‘ஜிஐ ஸ்ட்ரக்சர்’ என்று கொட்டேஷனில் இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, துத்தநாகம் பூசிய தகட்டை வளைத்துச் செய்த பைப். பூச்சு சுமார் 20 மைக்ரான். இன்னொன்று, வெட்டி, துளைபோட்டு, வெல்டிங்கும் முடித்த பிறகு உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது, அதாவது ஹாட் டிப். பூச்சு 80 மைக்ரான் அளவுக்கு வரும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற வீட்டுக்கு இரண்டாவதுதான். வித்தியாசம் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், போல்ட் போகிற துளையின் உள்விளிம்பைப் பாருங்கள். முக்கி எடுத்ததென்றால் துளைக்குள்ளும் மங்கலான சாம்பல் பூச்சு படிந்து, ஓரத்தில் எங்காவது துளித்துளியாகத் திரண்டிருக்கும். மாடியில் வைத்துத் துளைபோட்டதென்றால் உள்ளே பளபளவென்று இரும்பு தெரியும், இல்லாவிட்டால் அதன் மேல் சில்வர் ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். அந்த ஸ்ப்ரே ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். துரு தொடங்குவது பெரும்பாலும் வெட்டிய முனையிலும் வெல்டிங் தையலிலும்தான்.

நட்டு போல்ட் எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ஆக இருக்கட்டும், கடலைப் பார்த்த முதல் இரண்டு மூன்று தெருக்களில் எஸ்எஸ் 316. செலவு சில ஆயிரம்தான் கூடும். பேனலைப் பிடிக்கிற கிளாம்ப்பை மட்டும் எஸ்எஸ் நட்டில் கட்டிவிட்டு, ஸ்ட்ரக்சரின் காலை அடித்தகட்டோடு (பேஸ் பிளேட்) இணைக்கிற இடத்தில் சாதா போல்ட் போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. முதலில் அரிப்பது அதுதான். குனிந்து பார்க்க வேண்டிய இடம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை.

உயரமும் ஒரு பிரச்சினை. துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஏற்றுகிறார்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்ததும் புதுச்சேரிக்குப் பக்கத்தில். புதுச்சேரிக்குக் கட்டட விதி சொல்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகம் நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ அழுத்தம். ஆறு பேனல் சேர்ந்து 15 சதுர மீட்டருக்கு மேல், மொத்த எடையோ 170 கிலோகூட இல்லை. மாடி பாரம் தாங்குமா என்று கேட்கிறவர்கள், பேனல் பறக்காமல் இருக்குமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி கட்டாயம், ஒவ்வொரு பேனலுக்கும் நாலு கிளாம்ப். ஓடு பதித்த தளத்தின் மேல் சும்மா சிமெண்ட் கட்டையை வைத்து நிறுத்தினால் போதாது. கான்கிரீட் வரை போய் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) போட்டு, சுற்றிலும் நீர்க்கசிவுக்குப் பூச வேண்டும். புதுச்சேரியின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தளத்தில் ஆங்கரே அடிக்கக் கூடாது. அங்கே மேலே செங்கல், கீழே மர உத்திரம். சுவர்மேல் பீம் போட்டு அதில்தான் நிறுத்த வேண்டும்.

எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கம் (பேனல்) ஒன்று, ஏசி பக்கம் (வீட்டு லைன்) ஒன்று. காசை மிச்சம் பிடிக்க மூன்றையும் ஒரே குழியில் இறக்குவதைப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் இடி இன்வெர்ட்டருக்குள்ளும் வரலாம். கடலூர் கேப்பர் மலை பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து எர்த் பலவீனமாகும், தண்ணீர் ஊற்ற வசதி வேண்டும். கரையோர மணலில் ரீடிங் நன்றாக வரும், ஆனால் உப்புத்தண்ணீர் ராடைத் தின்னும். செம்பு பூசிய 3 மீட்டர் ராட் போடச் சொல்லி, வருஷத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

மத்தியான வெயிலில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் வயர். லைன் வோல்டேஜ் 253-ஐ ஒட்டிப் போனால் இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்ளும். மாடியிலிருந்து மீட்டருக்கு 30 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 13 ஆம்பியர் என்றால் வயரிலேயே 6 வோல்ட் கூடிவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். தெருவிலேயே 250 இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டேப்பை மாற்றக் கேட்பதைத் தவிர வழியில்லை.

கரண்ட் போனால்? சோலாரும் நின்றுவிடும், நட்ட நடு வெயிலாக இருந்தாலும். லைனில் வேலை செய்கிற ஊழியர்மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விற்கிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று புலம்புகிற ஊரில் இதை மறைப்பது நியாயமில்லை. பேக்கப்பும் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போடலாம், பட்ஜெட் எகிறும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் கரண்ட் போனால் ஓட வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பேட்டரியே போதும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும் கவனம்: சோலார் லைன் மீட்டரை அடுத்த மெயினில்தான் சேர வேண்டும். பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் இணைத்து, கரண்ட் போனாலும் சோலாரை ஓட வைக்கிறேன் என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னால் அனுப்பிவிடுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு மிச்ச மின்சாரம் போக இடமில்லாமல் பழைய இன்வெர்ட்டரின் போர்டு எரியும்.

கழுவுவது விடிகாலையில், பேனல் ஆறியிருக்கும்போது. உப்பேறிய போர்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மழைத்தண்ணீரோ குழாயில் வரும் நல்ல தண்ணீரோ போதும். காக்கை எச்சத்தை மட்டும் காயவிடாமல் எடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் சோலார் லைனின் ஏசி பக்கச் சுவிட்சை அணைத்து, அதன் பிறகு பேனல் பக்கத்து டிசி ஐசோலேட்டர் சுவிட்ச். இந்த வரிசை மாறக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களை இணைக்கிற எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி பறக்கும், அந்த ஆறு பேனல் வரிசையில் 300 வோல்ட் டிசி நிற்கிறது. புயல் ஓய்ந்ததும் உடனே ஆன் செய்ய வேண்டாம். பேனல் ஒன்று நகர்ந்து வயர் நசுங்கியிருந்தால், பகலில் அந்தக் கம்பியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். பதிவு பெற்ற வெண்டருக்கு 5 வருஷப் பராமரிப்பு கடமை. அவரை வரவழைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகு போடுங்கள்.